குழலுக்குத் தக்க தோட்டா

துப்பாக்கிக் கடையில் சரக்கு எடுத்துக் கொடுப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் லைசென்ஸ் புத்தகம். அடுத்தது துப்பாக்கி. மூன்றாவதாகத்தான் 'என்ன வேணும்?' என்ற கேள்வி. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்த எனக்குத் தொழில் சொல்லித்தந்த மேஸ்திரி, இந்த வரிசை மாற ஒருநாளும் விட்டதில்லை. தெரிந்த முகம் வந்தாலும் அதுதான், பண்ணையார் வீட்டுக் கார் வாசலில் நின்றாலும் அதுதான். "ஆளு கேக்குற தோட்டாவக் குடுக்காதல, துப்பாக்கி கேக்குற தோட்டாவக் குடு" என்பார். பிற்பாடு கவுண்டர் என் பொறுப்புக்கு வந்தது. நான் செய்த வியாபாரம் முழுவதும் அவருடைய அந்த ஒரு பேச்சுக்குள் அடங்கிவிடும். சின்னக் குழல் துப்பாக்கி என்றால் அந்தப் பேச்சை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கடைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் 12 போர்க்காரர்கள். லைசென்ஸில் எஸ்.பி.பி.எல். என்றோ டி.பி.பி.எல். என்றோ போட்டிருக்கும். பின்பக்கம் மடக்கித் தோட்டா போடுகிற ஒற்றைக் குழல், இரட்டைக் குழல் என்று அர்த்தம். எஸ்.பி.எம்.எல். என்றிருந்தால் வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. அதற்குத் தோட்டாவே கிடையாது. பாங்குக் காவலாளிகள், சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, களக்காடு பக்கத்து வயல்காரர்கள், வாழைக்காரர்கள் எல்லாரும் பத்து நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். புனே பக்கத்துக் கட்கி தொழிற்சாலையில் செய்த 'சக்திமான்' தோட்டாப் பெட்டி அலமாரியில் அடுக்கியிருக்கும். ரவை, அதாவது உள்ளே இருக்கும் ஈயக் குண்டின் நம்பரைச் சொன்னால் எடுத்துக் கொடுத்து, லைசென்ஸிலும் கடைப் பதிவேட்டிலும் எழுதிக் கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. 20 போர், 28 போர், 410 வைத்திருப்பவர் படியேறினால்தான் பேச்சு நீளும்.

இந்தக் குட்டித் துப்பாக்கிகள் தாமிரபரணிக் கரைக்கு வந்த வழி வேறு. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து மாஞ்சோலைக் காட்டை 99 வருஷக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனி எடுத்தது. மலைமேல் எஸ்டேட் பங்களா, கீழே ஜமீனும் மிராசும் என்றிருந்த காலம் அது. பெரிய துப்பாக்கி இரண்டு இருக்கிற வீட்டில், பள்ளிக்கூடம் போகிற மகன் சுட்டுப் பழகட்டும் என்று எடை குறைந்த ஒரு 410-ஐயும் சீமையிலிருந்து வரவழைப்பார்கள். தோட்டத்தில் பாம்பு அடிக்கவும் அதுதான் எடுபட்டது. 1980-களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிற்று. துப்பாக்கி தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்தது. அதற்குத் தோட்டா வருவது குறைந்தது. எங்கேயோ கிடைத்த நாலு தோட்டாவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, "அண்ணாச்சி, இது நம்ம துப்பாக்கிக்கு ஆகுமா?" என்று கேட்டு வருவார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் தொழிலின் சாரம்.

முதலில் குழல் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டையாக உருட்டினால், ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக இறங்குமோ அது 12 போர். குறுக்களவு 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டை என்றால் 20 போர், 15.6 மில்லிமீட்டர். இருபத்தெட்டு என்றால் 14 மில்லிமீட்டர். நம்பர் ஏற ஏறக் குழல் சிறுக்கும். 410 மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது நேரடியாக அங்குலத்தில் ஆயிரத்தில் 410 பங்கு, அதாவது 10.4 மில்லிமீட்டர். போர்க் கணக்குக்கு மாற்றினால் 67 போருக்குப் பக்கத்தில் வரும். ஐரோப்பியப் பெட்டிகளில் இதே தோட்டாவை 36 என்றும், சிலதில் 12 மி.மீ. என்றும் போட்டிருப்பார்கள். அந்தப் பன்னிரண்டைப் பார்த்துவிட்டு 12 போர் என்று வாதாடியவர்கள் உண்டு.

அடுத்தது சேம்பர், அதாவது தோட்டா உட்காருகிற அறையின் நீளம். ஆபத்து ஒளிந்திருக்கிற இடம் இது. 410-ல் 2 அங்குலம், 2½ அங்குலம், 3 அங்குலம் என்று மூன்று நீளம் உண்டு. பழைய துப்பாக்கி பலவும் 2 அல்லது 2½ அங்குலச் சேம்பர். பெட்டியில் அச்சடித்திருக்கிற நீளம், சுட்டபிறகு வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடுவதற்கு முன் வாய் மடங்கியிருப்பதால் தோட்டா அதைவிடக் குட்டையாக இருக்கும். அதனால் 2½ அங்குலத் தோட்டா 2 அங்குலச் சேம்பருக்குள் சுகமாகப் போய் உட்காரும், துப்பாக்கியும் மூடும். சுட்டவுடன் மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் நெரியும். ரவையும், ரவைக்கும் மருந்துக்கும் நடுவில் இருக்கும் தக்கையும் அந்த நெரிசல் வழியே வெளியேற வேண்டும். உள்ளே அழுத்தம் எகிறும். ஒரு தடவையில் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் பூட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், ஒருநாள் குழல் கொடுத்துவிடும். 12 போரில் 65 மில்லிமீட்டர் சேம்பரில் 70 மில்லிமீட்டர் தோட்டா போடுவதும் இதே கதைதான். 'உள்ள போகுதே' என்பது ஒரு சோதனையே இல்லை. மேஸ்திரி எப்போதும் சேம்பர் கேஜை விட்டு அளந்துதான் பார்ப்பார். தோட்டாவை விட்டுப் பார்க்க மாட்டார்.

மூன்றாவது முத்திரை. குழலைக் கழற்றித் திருப்பினால் அடியில் பொடிப்பொடியாகச் சில குறிகள் வெட்டியிருக்கும். லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் துப்பாக்கியைச் சோதனை வெடி வெடித்துத் தேறியபிறகு போடுகிற முத்திரை அது. வைர வடிவக் கட்டத்துக்குள் போர் எண்ணும் சி என்ற எழுத்தும் இருந்தால் சேம்பர் அந்தப் போருக்கு வெட்டியது என்று பொருள். 'நைட்ரோ புரூஃப்' என்ற சொல் இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. அது இல்லாத பழங்காலத் துப்பாக்கி கரிமருந்துக்கு மட்டும் தேறியது. இன்றைய தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. அதன் அழுத்தத்துக்கு அந்தக் குழல் பொறுப்பேற்காது. குழல் முழுக்க ரிப்பன் சுற்றியதுபோல் வரிவரியாக ஓடும் டமாஸ்கஸ் குழல்களை மேஸ்திரி கையில் வாங்கித் தடவிப் பார்ப்பார், அழகு என்பார், தோட்டா மட்டும் தர மாட்டார். "சுவத்துல மாட்டுங்க, நல்லாருக்கும்" என்று அனுப்பிவிடுவார். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. விரல் போவதைவிட வியாபாரம் போவது நல்லது.

410 என்று சொன்னதும் நம் ஊரில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, 'ஸ்போர்ட்டிங்கா, மஸ்கட்டா?' என்பது. காவல்துறையில் ரொம்ப காலம் புழங்கியது 410 மஸ்கட். மேற்கு வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையில் 303 ரைபிளின் குழலை வழவழவென்று மாற்றிச் செய்தது. பாளையங்கோட்டை ஆயுதப்படையிலோ மணிமுத்தாறு பட்டாலியனிலோ வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களிடம் கேட்டால் தோளில் அதன் எடையைச் சொல்வார்கள். அந்த மஸ்கட்டின் தோட்டா, 303 ரைபிள் பித்தளைக் கூட்டின் கழுத்தைக் குறுக்காமல் நேராக விட்டுச் செய்தது. கடையில் விற்கும் வேட்டை 410 வேறு கூடு, வேறு சேம்பர். பெயர் ஒன்று என்பதற்காக ஒன்றை மற்றதில் போடக் கூடாது. ஓய்வுபெற்ற ஏட்டய்யா ஒருவர், "நான் பாக்காத 410-ஆ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டு கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினேன். அடிப்பக்கத்தைப் பார்த்தவர் அதற்குமேல் பேசவில்லை.

ஒரே வீட்டில் 12 போரும் 20 போரும் இருந்தால் நான் தனியாக ஒரு எச்சரிக்கை சொல்லி அனுப்புவேன். 20 போர்த் தோட்டாவின் விளிம்பு 12 போர்ச் சேம்பரில் நிற்காது. உள்ளே நழுவி, குழல் குறுகும் இடத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அவசரத்தில் போட்டவர் குதிரையை இழுப்பார், வெடிக்காது. திறந்து பார்ப்பார், சேம்பர் காலியாகத் தெரியும். தோட்டா போட மறந்துவிட்டோம் என்று 12 போர்த் தோட்டாவை அதன் பின்னால் போடுவார். இப்போது சுட்டால் முன்னால் அடைத்துக்கொண்டிருக்கிற தோட்டாவின் மேல் பின்னால் உள்ளது மோதும். கையால் பிடிக்கிற இடத்துக்கு நேர் மேலே குழல் பிளக்கும். அப்படிப் பிளந்த குழல் ஒன்று கடைக்கு வந்தது. கொண்டுவந்தவருக்கு இடதுகையில் இரண்டு விரல் குறைவு. உலகம் முழுவதும் இந்த விபத்து நடந்து நடந்துதான் 20 போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் என்ற வழக்கமே வந்தது. மஞ்சள் தோட்டாவும் மற்ற தோட்டாவும் ஒரே பையில், ஒரே மேசை அறையில் இருக்கக் கூடாது. பழைய இருப்பில் மஞ்சள் அல்லாத 20 போரும் உண்டு என்பதால் நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. பித்தளை அடியில் வெட்டியிருக்கிற எண்ணைப் படித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

இவ்வளவும் தேறியபிறகுதான் ரவை நம்பர் பேச்சு. சின்னக் குழல்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்று: "கொஞ்சம் பவரா வேணும் அண்ணாச்சி." களக்காட்டிலிருந்து ஏத்தன் வாழைக்காரர் ஒருவர் வந்தார். மாமனார் வழியில் வந்த ஒற்றைக் குழல் 410. "பன்னி வாழைய உழுது போட்டுட்டுப் போவுது. இதுக்கு எஸ்.ஜி. போட்டுத் தாங்க" என்றார். நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். எஸ்.ஜி. குண்டு ஒன்றின் குறுக்களவு 8.4 மில்லிமீட்டர். உங்கள் குழல் 10.4. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குண்டு உட்கார இடமில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றோ நாலோ போகும். அவுன்ஸுக்கு எட்டுக் குண்டு. உங்கள் தோட்டா பிடிப்பதே அரை அவுன்ஸுக்குள்தான். மூன்று குண்டு மூன்று திசைக்குப் போனால் பன்றி காயத்தோடு பக்கத்து வயலுக்குள் ஓடும். காயம்பட்ட பன்றி என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதைச் சுட உங்களுக்கு அனுமதி கிடையாது என்றேன். "அப்ப இந்தத் துப்பாக்கி எதுக்குத்தான் ஆவும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ரவைக் கணக்கில் இருக்கிறது.

இங்கிலீஷ் கணக்கில் ஆறாம் நம்பர் ரவை அவுன்ஸுக்கு 270. ஐந்தாம் நம்பர் 220, நாலாம் நம்பர் 170, ஏழாம் நம்பர் 340. வழக்கமான 65 மில்லிமீட்டர் 12 போர்த் தோட்டா 1 1/16 அவுன்ஸ் பிடிக்கும். ஆறாம் நம்பரில் 287 ரவை. 20 போர் 13/16 அவுன்ஸ், சுமார் 220 ரவை. 28 போர் 9/16 அவுன்ஸ், சுமார் 150. 2½ அங்குல 410-ல் 7/16 அவுன்ஸ், 118 ரவை. 2 அங்குலத்தில் 5/16 அவுன்ஸ், 84 ரவைதான். ஒவ்வொரு ரவையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போகிறது. 410-ன் ஆறாம் நம்பர் ரவை 12 போரின் ஆறாம் நம்பர் ரவையைவிட இளைத்ததல்ல. குறைவது எண்ணிக்கை மட்டுமே. இதைப் புரிந்துகொண்டவர் சின்னக் குழலைப் புரிந்துகொண்டார். எண்ணிக்கை குறைந்த இடத்தில் ரவையைப் பெரிதாக்கினால் எண்ணிக்கை இன்னும் குறையும். நாலாம் நம்பர் போட்டால் 118 என்பது 74 ஆகிவிடும்.

ரவை விழுகிற தடத்தைப் பார்க்க ஒரு பழைய முறை உண்டு. 40 கஜத்தில் பெரிய தாளைக் கட்டிச் சுட்டு, ரவை அடர்ந்த இடத்தில் 30 அங்குல வட்டம் போட்டு ஓட்டைகளை எண்ணுவது. சோக், அதாவது குழல் வாயில் வைக்கிற இறுக்கம், இல்லாத நேர்க்குழல் நூற்றுக்கு 40 ரவையை வட்டத்துக்குள் போடும். அரைச் சோக் 60. முழுச் சோக் 70. வட்டத்தின் பரப்பு 707 சதுர அங்குலம். முழுச் சோக் 12 போர் அதில் 200 ரவை போட்டால் மூன்றரை சதுர அங்குலத்துக்கு ஒரு ரவை. 410 எண்பத்துச் சொச்சம் போட்டால் எட்டரை சதுர அங்குலத்துக்கு ஒன்று. அந்த இடைவெளியில் ஒரு புறா நோகாமல் பறந்துவிடும். இதுவும் ஏட்டுக்கணக்கு. நிஜத்தில் 410 இதைவிட மோசமாகத்தான் போடும். ஒடுங்கிய குழலில் ரவை உயரமாக அடுக்கி நிற்கிறது. மருந்து வெடித்து உந்தும்போது, லாரியில் அடிக்கூடையில் மாட்டிய தக்காளி மாதிரி, கீழே இருக்கிற ரவை நசுங்கிவிடும். நசுங்கிய ரவை நேராகப் போகாது. பிளாஸ்டிக் கிண்ணத் தக்கை வைத்த புதுத் தோட்டாவில் இந்த நசுங்கல் குறைவு. அட்டைத் தக்கைத் தோட்டாவில் அதிகம். இரண்டும் கிடைத்தால் 410-க்குக் கிண்ணத் தக்கையைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஆக, மேஸ்திரியின் தீர்ப்பு: சின்னக் குழலுக்குச் சின்ன ரவை, சின்ன தூரம். 410 என்றால் ஆறு அல்லது ஏழாம் நம்பர், 25 கஜத்துக்குள். 28 போருக்கு ஆறு, ஏழு. 30 கஜம் வரை. 20 போர் என்றால் ஐந்து, ஆறு. 12 போர் செய்கிற வேலையில் பெரும்பங்கைச் செய்துவிடும். தூரத்தைக் குறைத்துக்கொள்கிறவருக்கு 410 பொய் சொல்லாது. அமெரிக்காவில் ஸ்கீட் என்று மண்தட்டு சுடும் போட்டியில் 12, 20, 28, 410 நாலுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. 410-ல் அரை அவுன்ஸ், ஒன்பதாம் நம்பர் பொடி ரவை. தட்டு கடக்கிற இடம் சுமார் 21 கஜம். நூற்றுக்கு நூறு உடைக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். தோட்டாவில் கூடுதல் பவர் வைத்தா உடைக்கிறார்கள்? தூரம் அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ரவை நம்பரிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கப் பெட்டியின் ஆறும் இங்கிலீஷ் பெட்டியின் ஆறும் ஒன்றல்ல. இங்கிலீஷ் ஆறு 2.6 மில்லிமீட்டர், அமெரிக்க ஆறு 2.8, அதாவது இங்கிலீஷ் ஐந்துக்குச் சமம். அமெரிக்க நம்பரை மதிப்பிட ஒரு சுருக்கு வழி உண்டு: பதினேழிலிருந்து நம்பரைக் கழித்தால் ரவையின் குறுக்களவு நூறில் இத்தனை பங்கு அங்குலம் என்று வரும். ஆறைக் கழித்தால் பதினொன்று, 0.11 அங்குலம். பெட்டியில் மில்லிமீட்டர் போட்டிருந்தால் அதையே பிடித்துக்கொள்வது நல்லது. பெட்டி இல்லாமல் உதிரியாக வந்த தோட்டாவுக்கு நான் நம்பர் சொன்னதே இல்லை.

துப்பாக்கியின் எடையும் தோட்டாவைத் தீர்மானிக்கும். டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் என்ற பர்மிங்ஹாம் துப்பாக்கிக்காரர் வகுத்த கணக்கு, ரவை எடையைப்போல் 96 மடங்கு துப்பாக்கி இருக்க வேண்டும் என்பது. 1 1/16 அவுன்ஸுக்கு 102 அவுன்ஸ், கிட்டத்தட்ட 2.9 கிலோ. 20 போர்த் துப்பாக்கி இலேசாகச் செய்யப்பட்டது. அதில் கனத்த மேக்னம் தோட்டா போட்டால் தோள் முதலில் சொல்லும், கட்டையில் விழும் கீறல் பிறகு சொல்லும்.

கார் அறுப்பு முடிந்து பிசானத்துக்கு நாற்றுப் பாவுகிற ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் பழைய தோட்டா கடைக்கு அதிகம் வரும். காகிதக் கூட்டுத் தோட்டா ஈரத்தில் ஊதிவிடும், சேம்பருக்குள் போகாது. சிலர் உப்புத்தாளால் தேய்த்துப் போடுவார்கள். இன்னும் சிலர் வெயிலில் முறத்தில் காய வைப்பார்கள். இரண்டும் வேண்டாத வேலை. அளவுக்குமேல் காய்ந்த மருந்து அழுத்தத்தைக் கூட்டும். ஈரம் கோத்த மருந்து பாதி எரிந்து தக்கையைக் குழலுக்குள்ளேயே நிறுத்திவிடும். சத்தம் வழக்கத்துக்கு மாறாகப் 'புஸ்' என்று கேட்டால் அடுத்த தோட்டாவைப் போடாமல் குழலைத் திறந்து மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அடுப்புக்கு மேல் பரண், ஓட்டுக்கூரை அடி, கார் டிக்கி மூன்றும் தோட்டாவுக்கு எதிரி. பித்தளையில் பச்சை பூத்திருந்தாலும், கேப்பு உள்வாங்கியிருந்தாலும், வாய் மடிப்பு தளர்ந்து ரவை குலுங்கினாலும் தள்ளிவிடுவேன். பாங்குக் காவலாளிகள் வருஷக்கணக்காக ஒரே தோட்டாவை இடுப்பு வாரில் சுமந்து, பித்தளை தேய்ந்து கூடு ஆடும் நிலையில் கொண்டுவருவார்கள். அதைக் காட்டி அவர்கள் மேலதிகாரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்ததுண்டு.

இப்போது எதைச் சுட என்று கேட்கலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. பாபநாசம், களக்காடு ஓரத்தில் இருப்பவர்களுக்குச் சட்டம் இன்னும் நெருக்கமானது. சரணாலயத்தின் பத்து கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் லைசென்ஸ்தாரர் வனத்துறையில் பெயரைப் பதிய வேண்டும். அந்த எல்லைக்குள் புது லைசென்ஸ் தர தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன்சம்மதம் வேண்டும். 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமான பிறகு, அந்தப் பக்கத்து வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். காட்டுப்பன்றித் தொல்லைக்கு 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. ஒன்றுமுதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். விவசாயி கையில் இருக்கும் துப்பாக்கிக்கு அதில் வேலை இல்லை.

ஈயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குளத்தில் விழுந்த ரவை மண்ணுக்குள் போய் மறைந்துவிடுவதில்லை. வாத்தும் தாராவும் இரை அரைக்கக் கல் பொறுக்கும்போது அதையும் விழுங்கும். ஈயம் உடம்பில் ஏறிச் சாகும். அதனால்தான் அமெரிக்கா 1991-ல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை நாடு முழுவதும் தடை செய்தது. அதற்கு மாற்றாக வந்த எஃகு ரவை பழைய மெல்லிய குழல்களுக்கு ஆகாது, சோக் இருக்கும் இடத்தைக் கெடுத்துவிடும். கூந்தன்குளத்தில் பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடிகூடப் போடாத மக்கள் இருக்கிற மாவட்டம் இது. குளத்துக்கரையில் துப்பாக்கியோடு நிற்பது நமக்கு அழகல்ல.

அப்படியானால் இந்த விவரமெல்லாம் யாருக்கு? தாத்தாவின் 410-ஐயோ 20 போரையோ இன்னும் லைசென்ஸோடு வைத்திருக்கிறவருக்கு, அனுமதியுள்ள சுடுதளத்தில் பழகுகிறவருக்கு, அப்புறம் வீட்டில் பழைய தோட்டா கிடப்பதே தெரியாதவருக்கு. கடைசியாகச் சொன்னவர்கள்தான் அதிகம். ஆயுதச் சட்டத்தில் தோட்டாவும் துப்பாக்கியைப்போல் லைசென்ஸுக்கு உட்பட்ட சரக்கு. ஒரே ஒரு தோட்டாவானாலும் கணக்குக் கேட்பார்கள். அப்பாவின் பழைய பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு விமானம் ஏறப்போய், அதன் மூலையில் கிடந்த ஒரு தோட்டாவுக்காகக் காவல்நிலையம் போன கதைகள் பத்திரிகையில் வந்துகொண்டே இருக்கின்றன. லைசென்ஸ்தாரர் காலமாகிவிட்டால் துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதிக்காமல் பக்கத்துக் காவல்நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. வைத்துக்கொள்ள விருப்பமிருந்தால் வாரிசு பெயருக்கு லைசென்ஸ் கேட்டுக் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கிடைத்தபிறகு துப்பாக்கியை விவரமான மேஸ்திரியிடம் காட்டிச் சேம்பர் நீளத்தையும் முத்திரையையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கி லைசென்ஸோடு வையுங்கள். தோட்டா வாங்கப் போகும்போது அந்தச் சீட்டை நீட்டுங்கள். அதைப் படிக்காமல் தோட்டாவை எடுத்து நீட்டுகிற கடையில் வாங்காதீர்கள்.